வீட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பரிசோதனைகள்: வன்னியில் எது சரிவரும்?

மாங்குளம் விஞ்ஞானம்:

எல்லோருக்கும் வணக்கம். மாங்குளம் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருக்கிறது, ஆனால் அதற்குள் இருக்கிற சாமான் ஒரு வகுப்புக்கே காணாது. ஆகவே முக்கால்வாசிப் பரிசோதனைகளை வீட்டில் கிடைப்பதை வைத்தே செய்விக்கிறேன். இது குறைப்பட்டுக்கொள்ள எழுதவில்லை. வீட்டுச் சாமானில் செய்யும்போது பிள்ளை அன்று பின்னேரமே தன் வீட்டில் திரும்பச் செய்து பார்க்கிறது, ஆய்வுகூடக் குழாயில் செய்தால் அது நடக்காது.

இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. ஆனால் பாதிக்குச் சிவப்புக் கோவா வேண்டும், உலர்பனிக்கட்டி வேண்டும், இங்கே எந்தக் கடையில் போய்க் கேட்பது? நமக்கு வேலியோரம் செவ்வரத்தை நிற்கிறது, அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, அடுப்பில் சாம்பல் இருக்கிறது. எனவே நம் ஊர்ச் சாமானில் சரிவருகிறவற்றை இங்கே சேர்ப்போம்.

ஒரேயொரு வேண்டுகோள். "இதைக் கலந்தால் இப்படி நிறம் மாறும்" என்று மட்டும் எழுதாதீர்கள். செய்வதற்கு முதல் பிள்ளையிடம் என்ன கேட்கலாம், எதை மாற்றிப் பார்க்கலாம், எதை அளக்கலாம் என்பதையும் எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிட்டுச் செய்து காட்டினால் அது பரிசோதனை இல்லை, பார்க்கிற பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

முள்ளியவளை அம்மா:

சேர், செவ்வரத்தையைப் பற்றி நான் எழுதுகிறேன். மகள் தரம் 7. ஐந்தாறு பூவின் இதழை மட்டும் பிய்த்து ஒரு கோப்பை சுடுதண்ணீரில் போட்டு மூடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக இறங்கும். யோகட் கப்புகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி ஊற்றினோம். ஒன்றில் தேசிக்காய்ப்புளி, ஒன்றில் பழப்புளிக் கரைசல், பிறகு உப்புத்தண்ணீர், இளநீர், அப்பச்சோடா, சவர்க்காரத் தண்ணீர், கடைசியில் தென்னம்மட்டைச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். தேசிக்காய் பளிச்சென்ற ரோசா. அப்பச்சோடா பச்சை கலந்த நீலம் மாதிரி. சாம்பல் தண்ணீர் நல்ல பச்சை, அப்பச்சோடாவை விடக் கடும் பச்சை. உப்புத்தண்ணீர் அப்படியே இருந்தது, அதுவும் மாறும் என்று மகள் எழுதி வைத்திருந்தாள்.

மஞ்சளும் செய்தோம். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைக் கடதாசியில் பூசிக் காயவைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஒரு துளி விட்டால் செங்கபிலம். வெள்ளைச் சட்டையில் கறி பட்டு, தோய்க்கும்போது சிவக்கிறதே, அதுதான் இது. அந்தச் சிவப்பின் மேல் தேசிக்காய் விட்டால் திரும்ப மஞ்சள்.

என் கேள்வி, சாம்பல் ஏன் அப்பச்சோடாவை விடக் கூடப் பச்சை?

மாங்குளம் விஞ்ஞானம்:

அருமையான கேள்வி அக்கா. சாம்பலில் இருந்து தண்ணீரில் கரைந்து வருவது பெரும்பாலும் பொற்றாசியம் காபனேற்று. அப்பச்சோடா என்பது சோடியம் ஐதரசன் காபனேற்று. இரண்டும் காரத்தன்மை உள்ளவைதான், ஆனால் காபனேற்று இன்னும் வலியது. சவர்க்காரம் மலிவாகக் கிடைக்காத காலத்தில் சாம்பல் தண்ணீரில் துணி அவித்ததற்கும் காரணம் இதுதான்.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். மஞ்சள் கடதாசியில் தேசிக்காயை நேரே விட்டால் ஏன் மாற்றமே இல்லை? அப்படியானால் மஞ்சள் காட்டியால் (நிறம் மாறிக் காட்டுகிற பொருளால்) அமிலத்தையும் வெறும் தண்ணீரையும் பிரித்தறிய முடியுமா? முடியாது. செவ்வரத்தையால் முடியும். ஒரு காட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால், அமிலமா காரமா என்று பார்க்கிற பாசிச்சாயத்தாளைப் பிறகு பாடசாலையில் காணும்போது அதை மந்திரமாகப் பார்க்காது.

தரம்9 கிளிநொச்சி:

சேர், தட்டில் தண்ணீர் ஊற்றி மெழுகுதிரியைக் கொளுத்தி கிளாசால் மூடினால் தண்ணீர் மேலே ஏறும் தானே. அதற்கு ஒட்சிசன் எரிந்து முடிந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் என்று இதிலிருந்து தெரிகிறது என்று எழுதித் தந்தார்கள். நான் வீட்டில் செய்தபோது திரி எரியும்போது தண்ணீர் பெரிதாக ஏறவே இல்லை. அணைந்த பிறகுதான் சடாரென்று ஏறியது. ஒட்சிசன் எரியும்போதுதானே குறைய வேண்டும்?

மாங்குளம் விஞ்ஞானம்:

தம்பி, நீர் பார்த்தது சரி. அந்த விளக்கம்தான் பிழை. பல ஊர்களில் பல வருடமாக அப்படியே சொல்லி வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கிளாசை இறக்கும் நேரத்திலேயே சுடரைச் சுற்றியுள்ள வளி சூடாகி விரிந்திருக்கிறது. அதாவது கிளாசுக்குள் அடைபடும் வளியே வழமையை விடக் குறைவு. மூடிய பிறகும் விரிந்து சில குமிழிகள் விளிம்பால் வெளியேறும், தண்ணீருக்கு நீலம் கலந்து, கண்ணைக் கிளாசின் அடி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் சிலவேளை தெரியும். சுடர் அணைந்ததும் உள்ளே குளிர்கிறது, வளி சுருங்குகிறது, எரிதலில் உண்டான நீராவியும் ஒடுங்கிக் கிளாசின் உட்பக்கத்தில் பனித்துப் படிகிறது. உள்ளே அமுக்கம் குறைய, வெளியே இருக்கிற வளிமண்டல அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆகவேதான் அணைந்த பிறகு சடாரென்று ஏறுகிறது.

ஒட்சிசன் குறைவது உண்மைதான். ஆனால் மெழுகு எரியும்போது காபனீரொட்சைட்டு உண்டாகி, செலவான ஒட்சிசனின் இடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு திரி ஒட்சிசன் முழுதும் தீரும்வரை எரிவதில்லை. வளியில் 21 சதவீதமாக இருப்பது 16 சதவீதத்தை ஒட்டி வரும்போதே அணைந்துவிடும். பிறகு எப்படி ஐந்தில் ஒரு பங்கு முழுதும் காலியாகும்?

இதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். அதே கிளாஸ், அதே அளவு தண்ணீர், அதே நீளத் திரிகள். முதல் ஒரு திரி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் ஏறிய உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதும். கிளாசுக்குள் இருக்கிற ஒட்சிசன் மூன்று தடவையும் ஒரே அளவு. ஒட்சிசன்தான் காரணம் என்றால் மூன்று தடவையும் ஒரே உயரம் வர வேண்டும். என்ன வரும் என்று முதலில் எழுதிவிட்டுச் செய்யும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பரந்தன் மாலை வகுப்பு:

சேர், நீங்கள் சொல்வது விஞ்ஞானமாகச் சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாதாரணதரம் எழுதப் போகிற பிள்ளையைக் குழப்பக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளிதான் வழி. இடப்பெயர்வு, படிப்பு முறிவு எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு தலைமுறை இப்போதுதான் நிமிர்கிறது. அவர்களிடம் "குறிப்பில் இருப்பது பிழை" என்று சொன்னால், எதைத்தான் நம்புவது என்று தடுமாறிப் போவார்கள். வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் என்ற முடிவு சரி தானே? சரியான முடிவுக்கு வழி கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன?

மாங்குளம் விஞ்ஞானம்:

உங்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது, உங்களைப் போன்றவர்களின் மாலை வகுப்பு இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சித்தியடைந்திருக்க மாட்டார்கள். ஆனால் இதில் நான் உடன்பட மாட்டேன். மேலே கேட்ட தம்பி தன் கண்ணால் பார்த்ததைக் குறிப்போடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் "கண்ணை நம்பாதே, குறிப்பை எழுது" என்று சொன்னால் அதன்பிறகு அவர் எதையும் கூர்ந்து பார்க்க மாட்டார்.

புள்ளிக்கும் வழி இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்டுகிற பரிசோதனை துருப்பிடித்தல். பாத்திரம் தேய்க்கிற மெல்லிய இரும்பு நார் வேண்டும், ஸ்டீல் வூல் என்று கேளுங்கள். பளபளவென்று சுருள் சுருளாக வருவது சரிவராது, அது துருப்பிடிக்காத உருக்கு. நாரில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், வினாகிரியில் சில நிமிடம் ஊறவைத்து உதறி எடுங்கள். நேரான சுவருள்ள ஒடுங்கிய கிளாசின் அடியில் நாரை இறுக்கி, கவிழ்த்தாலும் விழாதபடி வைத்து, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து, வெளிப்பக்கம் பேனையால் கோடு போடுங்கள். ஓரிரு நாளில் நார் செம்மஞ்சளாகி, தண்ணீர் மெதுவாக ஏறி, வளி இருந்த உயரத்தின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். இங்கே சூடு இல்லை, காபனீரொட்சைட்டும் உண்டாவதில்லை, இரும்பு ஒட்சிசனை மட்டும் பிடிக்கிறது. தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் வெயிலில் அது ஒரு வேலை.

விசுவமடு கமக்காரன்:

நான் படிப்பிக்கிறவன் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்க விடுகிற பரிசோதனை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அது எங்களுக்கு வயல் வேலை. காலபோகத்துக்கு விதைநெல் தெரியும்போது வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வருவோம். முட்டை அடியில் கிடக்கும், பிறகு நிமிரும், பிறகு மிதந்து ஒரு நாணயக்குற்றி அளவு மேலே தலைகாட்டும். அப்போது உப்பை நிறுத்திவிட்டு முட்டையை எடுத்து விதைநெல்லைக் கொட்டுவோம். பதரும் அரைமணியும் மிதக்கும், மணி நிறைந்த நெல் தாழும். தாழ்ந்ததை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும், உப்பு நின்றால் முளை கெடும்.

முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாட்பட்ட முட்டைக்குள் வளி கூடிவிடும், அது உப்புக் காணாமலே மிதந்து ஆளை ஏமாற்றிவிடும். இதையும் பிள்ளைகள் செய்து பார்க்கலாம், அன்றைக்கு இட்ட முட்டை ஒன்று, கடையில் கிடந்த முட்டை ஒன்று.

பிள்ளைகள் மிதந்த நெல்லில் ஒரு பிடி, தாழ்ந்த நெல்லில் ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் தனித்தனியாக முளைக்கப் போட்டு எண்ணினால் அப்பாவுக்கும் பிரயோசனம்.

மாங்குளம் விஞ்ஞானம்:

ஐயா, இதுதான் எனக்கு வேண்டும். அடர்த்தி என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நூறு நெல் எண்ணிப் போட்டால் முளைத்தது நேரே சதவீதமாகவே வரும், கணிதமும் சேர்ந்துவிடும். வரும் தவணையில் உங்கள் முறையையே வகுப்பில் செய்விக்கிறேன்.

முன்பள்ளி ரீச்சர் வவுனியா:

எரிமலைப் பரிசோதனையை எல்லோரும் குறைவாகச் சொல்கிறீர்கள். என்னிடம் வருவது நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். மண்ணைக் குவித்து நடுவில் போத்தல் வைத்து, அப்பச்சோடாவுக்கு மேல் தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றிப் பொங்க வைத்தால் அவர்கள் முகத்தில் வருகிற சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். அந்த வயதில் அளவெடு, எழுது என்றால் ஓடிவிடுவார்கள். முதலில் ஆசை வரட்டும், அளவு பிறகு வரலாம்.

மாங்குளம் விஞ்ஞானம்:

ரீச்சர், அந்த வயதுக்கு நீங்கள் செய்வதுதான் சரி, அதை மாற்றச் சொல்லவே மாட்டேன். என் மனவருத்தம் தரம் 8 கண்காட்சியிலும் அதே எரிமலையே வந்து நிற்பதுதான். அதே இரண்டு சாமானில் பெரிய பிள்ளைக்கு எவ்வளவோ இருக்கிறது. சோடாப் போத்தலில் தேசிக்காய்ப்புளி ஒரே அளவு ஊற்றுங்கள். பலூனுக்குள் அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி போட்டு வாயில் மாட்டி நிமிர்த்துங்கள். பலூனின் சுற்றளவை நூலால் அளக்கலாம். அடுத்த தடவை இரண்டு கரண்டி, பிறகு மூன்று. ஒரு கட்டத்துக்கு மேல் பலூன் பெரிதாகாது, அப்பச்சோடா அடியில் கரையாமல் மிஞ்சிக் கிடக்கும். ஏன்? பதிலைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். புளியைக் கூட்டிப் பார்க்கலாமா என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்.

அந்த வாயு என்ன என்று பார்க்க வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்டங்காய் அளவு எடுத்து ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கும் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு கிளாசில் வார்க்க வேண்டும். பலூன் வாயுவை ஒரு ஸ்ட்ரோ வழியாக அதற்குள் விட்டால் பால்நிறமாகும். நாம் ஊதுகிற மூச்சுக்கும் அப்படித்தான். பல நாள் திறந்து கிடந்து காய்ந்த சுண்ணாம்பு சரிவராது, அது ஏற்கனவே வளியில் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக் கல்சியம் காபனேற்றாகி இருக்கும். ஈரமாக மூடி வைத்ததை எடுங்கள்.

வவுனியா தாதி:

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, கண்ணின் கருவிழியைச் சுட்டுவிடும். ஸ்ட்ரோவில் ஊதலாம், உறிஞ்சக் கூடாது, சின்னப் பிள்ளைகள் பழக்கத்தில் உறிஞ்சிவிடுவார்கள். ஸ்ட்ரோவின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கொடுங்கள், ஊதலாம் ஆனால் உறிஞ்சினால் தண்ணீர் ஏறாது. கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு இருபது நிமிடமாவது கழுவுங்கள். எலுமிச்சை, பால், தாய்ப்பால் ஒன்றும் விடக் கூடாது. கழுவிய கையோடு ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள்.

வீட்டுச் சாமான் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். கழிவறை கழுவுகிற அமிலத்தையும் துணி வெளுக்கிற திரவத்தையும் ஒருநாளும் ஒன்றாக்கக் கூடாது, குளோரீன் வாயு வரும். கோஸ்டிக் சோடாவில் அலுமினியத் தாளைப் போட்டுப் பலூன் ஊதுவது என்று ஒரு காணொளி சுற்றுகிறது. அது ஐதரசன், போத்தல் கொதித்துச் சிதறும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஸ்பிரிட், மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சித் தலை, இவை எதுவும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. பரிசோதனைக்கு எடுத்த கோப்பையில் பிறகு தேத்தண்ணீர் குடிக்காதீர்கள்.

தரம்9 கிளிநொச்சி:

சேர், திரிப் பரிசோதனை செய்தேன். திரி கூடக் கூட உயரமும் கூடியது. அம்மா பக்கத்தில் நின்றா.

இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டுக் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் திரளும். பெரியம்மா வீடு இரணைமடுப் பக்கம், அங்கே வாய்க்கால் தண்ணீரில் நல்லாக நுரைக்கும். கேத்தலுக்குள் கல் படிவதும் எங்கள் வீட்டில்தான். இதை அளக்க முடியுமா?

மாங்குளம் விஞ்ஞானம்:

முடியும் தம்பி. என்னைக் கேட்டால் இந்த முழு இழையிலும் வன்னிப் பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான், ஏனென்றால் இதன் விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை, உம்முடைய கிணற்றில் இருக்கிறது.

உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி மழைத் தண்ணீரில் கரையும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் அங்கேயே திரண்டுவிடும். சலவைத் தூள், ஷாம்பு கூடாது, அவை வன்னீரிலும், அதாவது உங்கள் கிணறு மாதிரிச் சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரிலும், நுரைக்கும்படி செய்தவை. ஒரே மாதிரியான சின்னப் போத்தல்களில் ஒரே அளவாக மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவிட்டு வடித்த கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றை எடும். மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, சவர்க்காரக் கரைசலை ஒவ்வொரு மில்லிலீற்றராக விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நுரை ஒரு நிமிடம் கலையாமல் நின்றால் அந்தப் போத்தல் முடிந்தது. எத்தனை மில்லிலீற்றர் போனதோ அதுதான் வன்மைக்கு அளவு.

தண்ணீரில் கரைந்த கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்து அந்த வெள்ளைத் திரளாக மாற்றுகின்றன. அவை எல்லாம் பிடித்து முடிந்த பிறகு மிஞ்சிய சவர்க்காரம்தான் நுரைக்கிறது. கொதித்த தண்ணீருக்குக் குறைவாகச் செலவானால், குறைந்த அந்தப் பங்கு நிலையில்லா வன்மை, கேத்தலில் கல்லாகப் படிந்தது அதுதான். கொதித்தும் மிஞ்சுவது நிலையான வன்மை. கேத்தல் கல்லில் ஒரு துணுக்கைச் சுரண்டி அதன்மேல் தேசிக்காய் விட்டுக் காதருகே வைத்துக் கேளும், மெல்லிய சரசரப்பு வரும். காபனேற்று அமிலத்தில் கரைகிறது.

யாழ் குடாநாடும் பூநகரி, மன்னார்ப் பக்கமும் சுண்ணாம்புக்கல் நிலம். வவுனியா, மாங்குளப் பக்கம் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. ஆனால் உலர் வலயத்தில் அங்கேயும் கிணறுகள் வன்மையாக இருக்கலாம். வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்தால் ஊரின் தண்ணீர்ப் படம் ஒன்றே வரைந்துவிடலாம். மாரியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை.

வவுனியா தாதி:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தச் சோதனையில் நல்ல விடை வந்தால் தண்ணீர் குடிக்க நல்லது என்று அர்த்தமில்லை. எங்கள் மாவட்டத்தில் சில கிணறுகளில் புளோரைட்டு கூட, அது நுரையில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிதண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு முறையாகச் சோதிக்கக் கொடுங்கள்.

டொரன்டோவில் இருந்து:

வாசிக்க வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. ஒட்டுசுட்டான் என் ஊர். காந்தப் பரிசோதனையை யாரும் சொல்லவில்லையே. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வளவு மண்ணில் இழுத்துக்கொண்டு போனால் இரும்புத் தூள், ஆணி எல்லாம் ஒட்டும். சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. எந்த வளவில் கூடுதலாக வருகிறது என்று பிள்ளைகள் போட்டி வைக்கலாம்.

விசுவமடு கமக்காரன்:

தம்பி, குறை நினைக்க வேண்டாம், அதை மட்டும் இங்கே யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்கள் விளையாடிய காலத்து மண் இல்லை இது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை, அகற்றிய இடத்திலும் உழும்போது, குப்பை எரிக்கும்போது ஏதாவது வெளிப்படுகிறது. மண்ணில் கிடக்கிற இரும்பைத் தேடிப் போகாதே, தொடாதே, கண்டால் வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் சொல் என்றுதான் நாங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பழக்கம் கொஞ்சமும் தளரக் கூடாது.

மாங்குளம் விஞ்ஞானம்:

ஐயா சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். காந்தம் மேசையில் மட்டும். பெட்டிக்கடை ஆணி, ஊசி, நாணயக்குற்றி, அலுமினியக் கரண்டி, எவர்சில்வர்க் கோப்பை ஆகியவற்றைப் பரப்பி எது ஒட்டும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது, அதிலேயே ஒரு பாடவேளை போய்விடும்.

செலவே இல்லாத இன்னொன்று, நிழல். நிறையப் பிள்ளைகள் "நடுப்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல்" என்று எழுதுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் அது வருடத்தில் இரண்டு தடவைதான் உண்மை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14 அளவில் ஒருமுறை. ஆகஸ்ட் 28 அளவில் மறுமுறை. வவுனியா கொஞ்சம் தெற்கே இருப்பதால் ஏப்ரலில் ஓரிரு நாள் முந்தியும் ஆகஸ்டில் ஓரிரு நாள் பிந்தியும் வரும். அன்று 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி ஒரு தண்ணீர்ப் போத்தலை நிமிர்த்தி வைத்தால் பக்கத்தில் நிழலே இருக்காது.

அதைவிடப் பெறுமதியானது வருடம் முழுக்க அளப்பது. ஒரு மீற்றர் தடியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, மிகக் குறுகிய நிழலின் நுனியில் மாதம் ஒருமுறை சின்ன முளை அடியுங்கள். மார்கழியில் 64 சென்ரிமீற்றர் அளவில் வடக்கே விழும். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு நிழல் தெற்குப் பக்கம் மாறிவிடும், ஆனியில் 25 சென்ரிமீற்றர் அளவு. சூரியன் நமக்கு வடக்கே போகும் என்பதையே பல பெரியவர்களும் கவனித்ததில்லை. இன்னுமொன்று, குறுகிய நிழல் விழும் நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் 11.52ஐ ஒட்டி, பெப்ரவரி நடுப்பகுதியில் 12.22ஐ ஒட்டி. சூரியனையோ, கிணற்றில் தெரியும் அதன் விம்பத்தையோ பிள்ளைகள் நேரே பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்த்தால் போதும்.

டொரன்டோவில் இருந்து:

காந்த விசயம் விளங்கியது, நன்றி ஐயா. அந்தப் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம். நாங்கள் சில பேர் சேர்ந்து உங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் பரிசோதனைப் பெட்டிகள் வாங்கி அனுப்ப நினைக்கிறோம். இங்கே அழகான பெட்டிகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஐம்பது பரிசோதனை. எது நல்லது?

மாங்குளம் விஞ்ஞானம்:

உங்கள் மனதுக்கு நன்றி அண்ணா. நேராகவே சொல்கிறேன், பெட்டி வேண்டாம். அதில் உள்ள இரசாயனப் பை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், பிறகு பெட்டி அலுமாரிக்கு மேலே போகும். எங்களிடம் சாமான் இருக்கிறது, அளப்பதற்குத்தான் கருவி இல்லை. நல்ல வெப்பமானிகள், ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு, அளவுசாடி, மலிவான பல்மானி (மல்டிமீற்றர்) ஒன்றிரண்டு, பாதுகாப்புக் கண்ணாடி. இவற்றைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கினால் பழுதானால் மாற்றவும் முடியும். பல்மானி இருந்தால் தேசிக்காய் மின்கலத்தில் தகரக் கூரைக்கு அடிக்கிற நாகப்பூச்சு (சிங்க்) ஆணிக்கும் செப்புக் கம்பிக்கும் இடையில் ஒரு வோற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருவதைப் பிள்ளை தானே வாசிக்கும். சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. மின்குமிழ் ஒளிர இரண்டு வோற்று அளவு வேண்டும், எத்தனை தேசிக்காயைத் தொடராகக் கட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டலாம். அந்தத் தேசிக்காயைப் பிறகு ஊறுகாய்க்கு எடுக்க வேண்டாம், நாகம் கரைந்திருக்கும்.

பரந்தன் மாலை வகுப்பு:

சேர், இரும்பு நார் வைத்தேன். ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட வந்து நின்றது. பிள்ளைகள் திரியையும் செய்து காட்டச் சொல்லிக் கேட்டார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தே செய்தோம். இனி இரண்டையும் சேர்த்தே படிப்பிப்பேன். அளவுசாடி வந்தால் எங்களுக்கும் ஒன்று இரவல் தாருங்கள்.

முள்ளியவளை அம்மா:

நாங்களும் நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர் செய்யப் போகிறோம். மழைத் தண்ணீர் இப்போது இல்லை சேர், அதற்குப் பதிலாக என்ன எடுப்பது?

மாங்குளம் விஞ்ஞானம்:

சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே ஒரு எவர்சில்வர் மூடியைச் சரித்துப் பிடித்தால் அதில் படிந்து வழியும் ஆவித் தண்ணீரைக் கோப்பையில் சேர்க்கலாம் அக்கா, அதில் கல்சியம் இராது. கையில் சூடு படாமல் துணியால் பிடியுங்கள். அரைக் கோப்பை சேர்ந்தால் சவர்க்காரம் கரைக்கக் காணும், ஒப்பிடும் போத்தலுக்கு இன்னும் அரைக் கோப்பை. பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர்ப் போத்தல் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் கிடைத்தால் அதுவும் சரி, வாங்கும்போது அமிலப் போத்தலை எடுத்துவிடாமல் பெயரை வாசித்து எடுங்கள்.